நடுச்சுவருக்குத் தெர்மோகோல்

எங்கள் நோவா வரோஷ் மலையூரில் குளிருக்குத் தெர்மோகோல் ஒட்டுகிறவர்கள் வீட்டின் வெளிச்சுவரில்தான் ஒட்டுவார்கள். குளிர் வெளியே இருக்கிறது, காற்று மலையிலிருந்து வருகிறது, அதனால் வெளியே. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீதா மட்டும் உள்ளே ஒட்டினாள். வீட்டின் நட்டநடுவில், தனக்கும் தன் ஓர்ப்படியாளுக்கும் இடையில் இருக்கிற சுவரில். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்ற குமா நான். அதனால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற உரிமை எனக்கு உண்டு.

அந்த வருஷம் அவள் மகள் துன்யா கர்ப்பமாக இருந்தாள். ஜனவரியில் பிரசவம். துன்யாவின் கணவன் ஸ்லோவேனியாவில் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான். அதனால் பிள்ளை பெற்றதும் அவள் அம்மா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. எங்கள் வழக்கப்படி பிறந்த குழந்தையை நாற்பது நாள் வீட்டை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. எந்த வீட்டுக்குள் முதலில் நுழைகிறதோ அந்த வீட்டிலேயே நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் தன் வீட்டில் கழிய வேண்டும், ஸ்மிலியா வீட்டில் கழியக் கூடாது. வீதா வேண்டிக்கொண்டது இவ்வளவுதான்.

ஸ்மிலியாதான் அந்த ஓர்ப்படியாள். வீட்டைக் கட்டியது மாமனார். இரண்டு மகன்களுக்கும் ஆளுக்குப் பாதி. நடுவில் ஒரு சுவர், சுவருக்குள் ஒரு புகைபோக்கி, வாசலில் ஒரே படி, அந்தப் படிக்கு மேலே இரண்டு கதவு. இடப்பக்கம் மூத்தவன் ரதிசாவும் வீதாவும். வலப்பக்கம் இளையவன் ஓப்ராத்தும் ஸ்மிலியாவும். ஸ்மிலியாவுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத மடம் இல்லை. பிறகு ஒரு நாளிலிருந்து அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

மற்ற எல்லாப் பேச்சையும் வீதா எடுப்பாள். ஸ்மிலியா சீதனமாகக் கொண்டுவந்த கண்ணாடி அலமாரி, அதற்குள் வரிசையாக நிற்கும் படிகக் கோப்பைகள், ஸ்மிலியாவின் ஒல்லி இடுப்பு, பிட்டாப் பலகாரத்துக்கு அவள் மாவைத் தாள் மாதிரி இழுத்தாலும் கிழியாதது, எல்லாமே வீதாவின் கண்ணை உறுத்தும். ஆனால் கண்ணில் முள்ளாகவே தைத்தது ஒன்றுதான். ஸ்மிலியா வீட்டுச் சூடு.

வீதா வீட்டில் மாமனார் காலத்துப் பீங்கான் அடுப்பு. பச்சை ஓடு பதித்தது, ஆள் உயரம், நடுச்சுவரில் முதுகைச் சாய்த்து முன்னறையில் நிற்கும். விறகு போட்டால் மத்தியானம் சட்டையைக் கழற்ற வைக்கும். விடியும்போது செத்துக் கிடக்கும். மற்ற அறைகளுக்கு அடுப்பே கிடையாது. ஸ்மிலியா அப்படி ஒரே அடுப்போடு குடும்பம் நடத்தவில்லை. முதலில் அவளும் விறகுதான் எரித்தாள். அப்புறம் உள்ளே செங்கல் அடுக்கிய மின்அடுப்பு வாங்கினாள். ராத்திரி மலிவு மின்சாரத்தில் செங்கல் சூடேறி, பகல் முழுக்க மெல்ல மெல்லச் சூட்டை விடும். தொண்ணூறுகளில் மின்சாரம் போய்ப் போய் வந்தபோது அந்தச் செங்கல் பனிக்கட்டி மாதிரி கிடந்தது. அப்போது வீதா எங்கள் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், பட்டாபிஷேகம் முடிந்து வருகிறவள் மாதிரி. பிறகு ஸ்மிலியா பெல்லட் அடுப்புக்கு மாறினாள். மரத்தூளை அழுத்திக் குச்சியாக்கி மூட்டையில் விற்பார்களே, அது. ஒரு குளிர்காலம் பெல்லட் விலை ஏறி, மூட்டையே கிடைக்காமல் ஓப்ராத் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தான். வீதாவுக்கு அது இரண்டாவது பட்டாபிஷேகம். அதற்கு அடுத்த வருஷம் ஸ்மிலியா ஹீட் பம்ப் வைத்தாள், வெளிக்காற்றிலிருந்தே சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடுகிற மின்சார மெஷின்.

அன்றோடு வீதாவின் தூக்கம் போயிற்று. சாம்பல் இல்லை, புகை இல்லை, ராத்திரியும் பகலும் எல்லா அறையிலும் ஒரே சூடு. ஜனவரியில் ஸ்மிலியா அரைக்கைச் சட்டையில் வாசலுக்கு வந்து கால்மிதியை உதறுவாள். "அப்பப்பா, உள்ளே வேர்க்குதுக்கா" என்பாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. உதறுவதற்கு வேறு நேரம் இல்லாமலா, வீதா இரண்டு சாக்ஸும் ஆட்டுத்தோல் மேல்சட்டையுமாக விறகு எடுக்க வருகிற நேரம் பார்த்து உதறுவாள்?

நான் எதிர்வீட்டில் நிலக்கரி எரிக்கிறவள். என் ஜன்னல் கருப்பு, என் திரைச்சீலை கருப்பு, என்னைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, வீதா தன் கணக்கையெல்லாம் என் சமையலறையில் வந்து கொட்டுவாள். காகிதம் பென்சில் ஒன்றும் கிடையாது. எல்லாம் நாக்கு நுனியில். எங்கள் பக்கம் விறகு மீட்டர் கணக்கில் வாங்குகிறோம். வீதா வாயில் நுழைகிற எந்த விலையும் மீட்டராகத்தான் வெளியே வரும்.

"அடுப்பு என்ன விலைன்னு கேக்கறவ முட்டாள், குமா. அது சாகற வரைக்கும் எவ்வளவு தின்னுதுன்னு கேக்கணும். அந்த மெஷின் நூறு மீட்டர். நூறு மீட்டர் விறகு! நான் பத்து வருஷம் எரிப்பேன்."

"விறகு எரியும்போது ரதிசாவ் முதுகும் சேர்ந்து எரியுதே, அதைச் சேத்தியா?"

"சேத்துட்டேன். இடுப்புப் பட்டை, தைலம், ரம்பக்காரன் கூலி, புகைபோக்கி சுத்தம் பண்றவன், அடுப்பைப் பிரிச்சு ஓடு மாத்தினது, எல்லாம் சேத்துட்டேன். அவ பக்கம் அதுக்கு மேல கரண்ட் பில், வருஷா வருஷம் மெக்கானிக், தூக்கிப் போட்ட ரெண்டு அடுப்பு. என் கணக்குல அவ எனக்குச் சமமா வர்றதுக்கே பத்து வருஷம் ஆகும். அதுக்குள்ள மெஷின் மண்டையைப் போட்டுடும்."

"அரசாங்கம் பாதி குடுத்துச்சாமே?" என்று நான் எரிகிறதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன்.

"அதான்டி வயித்தெரிச்சல்!" என்று காபிக் கோப்பையை நங்கென்று வைத்தாள். "பாதி விலைன்னா அஞ்சே வருஷம். அஞ்சு வருஷத்துல என்னைத் தாண்டிப் போயிடுவா."

"உன் கோபத்தையும் கணக்குல சேத்திருக்கலாம்."

"அது இனாம்," என்றாள்.

இதெல்லாம் வாய்ச்சண்டையாகவே போயிருக்கும். ஓப்ராத் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

புனித நிக்கோலா அவர்கள் வீட்டுப் புனிதர். டிசம்பரில் அவர் நாள். உபவாச காலம், அதனால் இறைச்சி இல்லாமல் மீனும் பீன்ஸும். யாரையும் அழைப்பதில்லை, எல்லாரும் வருவார்கள். அண்ணன் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டுத் தம்பி பக்கம் போவது முறை. சாப்பிடுவது என்னவோ இங்கேதான். ஆனால் அங்கே போய் உட்காருகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் சாக்ஸைக் கழற்றிவிட்டு அறை அறையாக ஓடும். பெரியவர்கள் எந்த மூலையில் நாற்காலி போட்டாலும் சூடு. வீதா தன் மேசையில் மிஞ்சிய கெண்டை மீனைப் பார்த்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பாள். பிறகு முறைக்காக அவளும் அங்கே வருவாள்.

துன்யா கர்ப்பமாவதற்கு முந்தின டிசம்பரில் அப்படி வந்து உட்கார்ந்தாள். ஓப்ராத் பிளம் சாராயத்தில் மிதந்துகொண்டிருந்தான். எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினான்.

"அண்ணி! உங்க அடுப்பு நீடூழி வாழணும்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பாருங்க, இப்பதான் வெந்த ரொட்டி மாதிரி இருக்கு. மத்தியானம் ஆனா எங்க மெஷின் தானா தூங்கப் போயிடும். எங்க கரண்ட் பில்லை யார் கட்டறான்னு நினைச்சீங்க? எங்க அண்ணன்! கோடாலியால!"

கூடம் அதிர்ந்தது. ரதிசாவ்கூடச் சிரித்துவிட்டான், பாவம். ஸ்மிலியா மேசைக்கு அடியில் புருஷன் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் பாதி மிதி என் காலில் விழுந்தது. வீதா சிரிக்கவில்லை. கோப்பையைத் துளிச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். நங்கென்று வைத்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா நான் அவ முதுகுக்கு விறகு போட்டிருக்கேன், குமா. இருக்கற கணக்கெல்லாம் தப்பு. அவ பில் கம்மியா வருதுன்னா அது என் விறகு. என் புருஷன் முதுகு."

கோடையில் துன்யா நல்ல செய்தி சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "பின்னறையில குழந்தை தாங்குமாம்மா? இல்லேன்னா சித்தி வீட்ல இருந்துக்கறேனே." பின்னறை துன்யா பிறந்ததிலிருந்து தூங்கிய அறை. முன்னறையில் ரதிசாவ் புகைபிடிப்பான், வருகிற போகிற ஆளெல்லாம் அங்கேதான், ராத்திரி அடுப்பு அணைந்தால் அதுவும் ஐஸ். ஆகவே பின்னறைதான். ராஸ்ப்பெரி விற்ற பணத்தில் பின்னறையின் வடக்குச் சுவருக்கு வெளியே தெர்மோகோல் ஒட்டிவிடலாம் என்று ரதிசாவ் திட்டம் போட்டான். வீதா தலையாட்டினாள். பணம் அவள் கையில் இருந்தது.

அக்டோபரில் ஆட்கள் வந்தார்கள். நான் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"எந்தச் சுவர்க்கா?" என்று மேஸ்திரி கேட்டான்.

"உள்ளே வா."

நானும் கூடவே நுழைந்தேன். உள்ளே கூட்டிப்போய் நடுச்சுவரைக் காட்டினாள். அவன் சுவரைத் தட்டினான், வீதாவைப் பார்த்தான். "இதுக்கு அந்தப் பக்கம் என்ன? ஐஸ் கிடங்கா?"

"என் ஓர்ப்படி."

"அப்ப கனமானதாவே போட்டுடறேன்," என்றான்.

ரதிசாவ் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். "வடக்குச் சுவர்டி! காத்து வர்றது வடக்கேயிருந்து! தம்பி வீட்லேயிருந்தா காத்து வருது?" என்றான். அவன் ஒரு வருஷத்தில் பேசுகிற மொத்தப் பேச்சு அது. வீதா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முன்னறையிலிருந்து பின்னறை வரை நடுச்சுவர் முழுக்கத் தெர்மோகோல். அடுப்புக்குப் பின்னால் மட்டும் தீப்பிடிக்காத பஞ்சு. மேலே பூச்சு, பூச்சுக்கு மேல் துன்யாவின் அறைக்கு மஞ்சள் பெயிண்ட். தொட்டில் வந்து சுவரோரம் நின்றது. பணம் அதோடு தீர்ந்தது.

நவம்பர் வந்தது, பனி வந்தது, வீதாவுக்கு ஒரே கொண்டாட்டம். முன்னறை முன்னைவிடச் சூடாகத்தான் இருந்தது. ஸ்மிலியா வீட்டுக்கு வெளியே ஹீட் பம்பின் விசிறி மத்தியானத்திலும் ஓயாமல் சுற்றியது. வீதா என்னைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறந்து காட்டினாள், குளிரில், வேண்டுமென்றே.

"கேளு குமா, எப்படி மூச்சு வாங்குது! இந்த மாசம் பில் வரட்டும். அவ மெஷினோட யோக்கியதை அப்ப தெரியும்."

"உன் ஜன்னலைச் சாத்து, உன் யோக்கியதை வெளியே போகுது," என்றேன்.

ஸ்மிலியா ஒன்றும் கேட்கவில்லை. தெர்மோகோல் ஒட்டியது தெரியாமலா இருக்கும்? பூச்சுக்காரன் சுவரை இடித்த இடியில் அவள் படிகக் கோப்பைகள் ஆடியிருக்கும். வாசலில் பார்த்தால் "நல்லாயிருக்கீங்களாக்கா" என்பாள். கால்மிதி உதறுவதை நிறுத்திவிட்டாள். அது வீதாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

டிசம்பரில் பின்னறைக் கதவைத் திறந்தபோது என் மூச்சு புகையாக வந்தது. மஞ்சள் பெயிண்ட்டின் மூலைகளில் கருப்புப் பூஞ்சை. தொட்டில் துணி ஈரம். அந்த அறையில் அடுப்பு எப்போதும் கிடையாது, ஆனால் அது இப்படி இருந்ததும் கிடையாது. வீதா மின்சார ஹீட்டர் ஒன்று வைத்தாள், ஃபியூஸ் போயிற்று. முன்னறை அடுப்பில் கட்டை கட்டையாகத் திணித்துக் கதவைத் திறந்துவைத்தாள். முன்னறை கொதித்தது, பின்னறை அசையவில்லை. அவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். எல்லாச் சூட்டையும் கணக்குப் போடுகிறவள், சுவர் ஒரு பக்கம் மட்டுமா சூட்டைக் கடத்தும் என்று யோசிக்கவே இல்லை. முன்னறையில் இவள் சூடு அங்கே போயிற்று. பின்னறையில் அவள் சூடு இங்கே வந்தது. பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஸ்மிலியாவின் கூடம், ராத்திரி பகலென்று அணையாத சூடு.

புரிந்தபோதும் வீதா ஒத்துக்கொள்ளவில்லை. "வடக்குக் காத்து இந்த வருஷம் ஜாஸ்தி," என்றாள்.

ஜனவரி நடுவில் துன்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அம்மா, பின்னறை எத்தனை டிகிரி காட்டுது?"

"நல்லாயிருக்கு."

"நல்லாயிருக்கான்னு கேக்கல. டிகிரி கேட்டேன்."

"உங்கப்பா கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டார். எனக்குப் படிக்க முடியல."

துன்யா வீதாவின் மகள்தானே, சும்மா விடுவாளா? "அப்பா நேத்தே சொல்லிட்டார், பதினோரு டிகிரியாம். நான் சித்தி வீட்டுக்கே போறேன்மா. ஒரே படிதானே. நீ தினம் வந்து பாத்துட்டுப் போ."

வீதா போனை வைத்துவிட்டு அந்த வாக்கியத்தை எனக்குத் திருப்பிச் சொன்னாள். "வந்து பாத்துட்டுப் போவாம். நான். விருந்தாளி மாதிரி, என் பேத்தியை." அழுகையா கோபமா என்று பிரிக்க முடியவில்லை.

நேரம் பார்த்து ஸ்மிலியா உள்ளே வந்தாள். கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பிட்டா, ஆவி பறந்தது. "அக்கா, துன்யா எனக்கும் போன் பண்ணினா. கூடத்தை ஒழிச்சு வெச்சிருக்கேன். தொட்டிலை மட்டும் ஓப்ராத் வந்து எடுத்துட்டுப் போகட்டுமா?"

தொட்டில் என்ற சொல்லில் வீதா எழுந்தாள்.

"எடுத்துட்டுப் போ! வேற என்ன வேணும்? வந்தவங்க எல்லாரையும் எடுத்துக்கிட்டே, என் விறகுச் சூட்டையும் எடுத்துக்கிட்டே. உனக்குன்னு ஒண்ணு பெத்துக்க முடியல, அதனால என்னோடதைப் பிடுங்கப் பாக்கறே!"

யாரும் முப்பது வருஷமாக எடுக்காத பேச்சு. ஸ்மிலியா தட்டை மேசையில் வைத்தாள். விளிம்பு இடிக்காமல், பத்திரமாக. "ஆறிடும். சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"உனக்கு நாக்கா அது, கோடாலியா?" என்று நான் கத்தினேன்.

அப்போதுதான் ரதிசாவ் பேசினான். அடுப்போரம் குந்தி உட்கார்ந்திருந்தவன், நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவங்க அந்தச் செங்கல் அடுப்பு வாங்கினாங்களே, அதைக் கூடத்துல எங்க வெச்சாங்க?"

"நடுச்சுவர் ஓரமா. எனக்கென்ன அதுக்கு?"

"ஜன்னல் பக்கம் வெக்கணும்னு மேஸ்திரி சொன்னான். ஓப்ராத்தும் அதைத்தான் சொன்னான். ஸ்மிலியாதான் கேக்கல. சுவருக்கு அந்தப் பக்கம் துன்யா தூங்கறா, அந்த ரூம்ல அடுப்பு கிடையாது, இங்கயே வெய்யுங்கன்னா. உன்கிட்டச் சொல்ல வேணாம்னா. சொன்னா நீ குழந்தையை வேற ரூமுக்கு மாத்திடுவேன்னு."

வீதா கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. உதடு அசைந்தது, விரல் மடங்கி விரிந்தது. அவள் போட்டு வைத்திருந்த அத்தனை வருஷக் கணக்கிலும் இந்த ஒரு செலவு இல்லை. அவள் மகள் ஒரு குளிர்காலத்திலும் நெஞ்சுச் சளி கண்டதில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள். தன் வளர்ப்பு என்றுதான் நினைத்திருந்தாள்.

பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு மண்வெட்டியோடு வந்தாள். எதற்கு என்று கேட்பதற்குள் பின்னறைச் சுவரில் முதல் வெட்டு விழுந்தது.

நானும் ரதிசாவும் சேர்ந்துகொண்டோம். பூச்சு உடைந்தது, தெர்மோகோல் பலகை பலகையாகப் பெயர்ந்தது, வெள்ளை மணிகள் பறந்து தலையிலும் உதட்டிலும் ஒட்டிக்கொண்டன. துப்பினால்கூடப் போகவில்லை. வீதா அழுதுகொண்டே சுரண்டினாள். நடுநடுவே, "பாவி, சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல," என்று சுவரைத் திட்டினாள். சுவர் வெறும் சிமெண்டாக நின்றபோது கையை வைத்துப் பார்த்தாள். லேசாக வெதுவெதுப்பு. போதாது.

அப்போது அந்தப் பக்கத்தில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. கனமான ஒன்று தரையில் உரசியது. கூடவே கிணுகிணுவென்று கண்ணாடி மோதுகிற ஒலி.

"அலமாரி," என்றாள் வீதா மெதுவாக. செங்கல் அடுப்பைத் தூக்கிப்போட்ட இடத்தில் ஸ்மிலியா நகர்த்தி வைத்திருந்த கண்ணாடி அலமாரி. அந்தச் சுவரைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது அதுதான். அதைச் சுவரை விட்டு இழுக்கிறார்கள். உள்ளே இருக்கிற கோப்பைகளைக்கூட வெளியே எடுக்காமல் இழுக்கிறார்கள். ஒன்று உடைந்தது நன்றாகக் கேட்டது.

இரண்டு நாள் கழித்துத் துன்யா குழந்தையோடு வந்தபோது பின்னறை இருபதைத் தொட்டிருந்தது. "என்னம்மா, சுவருக்கு அம்மை போட்டிருக்கா?" என்று பசைத் திட்டுகளைத் தடவிப் பார்த்தாள். தொட்டில் அங்கேயே நின்றது. வீதா வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது.

தெருப் பெண்களெல்லாம் பரிசும் பலகாரமுமாக வந்து குழந்தையைப் பார்த்தார்கள். ஸ்மிலியா வரவில்லை. ஓப்ராத் ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து, "அவளுக்குச் சளி, அண்ணி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அந்த வீட்டில் யாருக்கும் சளி பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

சுவர் நாளுக்கு நாள் சூடேறியது. ஒரு நாள் காபி குடிக்க வந்த வீதா கோப்பையைத் தொடவே இல்லை.

"இருபத்தஞ்சு வெச்சிருக்கா, குமா. கை வெச்சா தெரியுது. இந்தக் குளிர்ல இருபத்தஞ்சு வெச்சா எத்தனை மீட்டர் ஆகும் தெரியுமா?"

"சந்தோஷப்படு. பில் எகிறும்னுதானே காத்திருந்தே?"

"எங்கேயிருந்துடி சந்தோஷம்?" கொஞ்ச நேரம் மேசை விரிப்பைச் சுரண்டினாள். "இன்னொண்ணு. குழந்தை சுவரைப் பாத்துப் படுத்தாத்தான் தூங்குது. என் பக்கம் திருப்பினா அழுது."

"அதுலயுமா பொறாமை?"

"ஆமா," என்றாள். ஒளிக்கவே இல்லை. "அதுலயும்தான்."

மறுநாள் காலையில் நான் நிலக்கரி வாளியோடு வெளியே வந்தேன். பனி பொழிந்துகொண்டிருந்தது. வீதா வீட்டுக் கதவு திறந்தது. ஆட்டுத்தோல் மேல்சட்டைக்குள் ஒரு மூட்டையை அணைத்துக்கொண்டு அவள் படிக்கு வந்தாள். பின்னால் துன்யாவின் குரல்: "அம்மா! எங்கம்மா தூக்கிட்டுப் போறே?" பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் பக்கத்துக் கதவைக் காலால் உதைத்துவிட்டாள்.

ஸ்மிலியா அரைக்கைச் சட்டையில் வந்து திறந்தாள். கண் வீங்கியிருந்தது. வீதாவைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், ஓரடி பின்னால் போனாள்.

"அக்கா! என்ன பண்றீங்க? நாப்பது நாள் ஆகல! வீட்டை விட்டு வெளியே கொண்டுவரலாமா?"

"யாருடி வீட்டை விட்டு வந்தா?" என்றாள் வீதா. "மாமனார் ஒரு வீடுதானே கட்டினார்? கதவுதான் ரெண்டு."

உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். கண்ணாடி அலமாரி கூடத்தின் நடுவில், முதுகு தெரிய, கோணலாக நின்றது. அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது. வீதா அதைப் பார்த்தாள். மூட்டையை ஸ்மிலியாவின் கையில் திணித்தாள்.

"தலையைப் பிடி. தலையை! ஆங், அப்படி." கையை எடுத்தவள் மறுபடி ஒரு தடவை போர்வையைச் சரிசெய்தாள். எடுக்க மனம் வரவில்லை, எனக்குத் தெரிந்தது. "காபி குடிச்சு முடிக்கற வரைக்கும்தான். அப்புறம் என்கிட்ட குடுத்துடணும்."

"சரிக்கா," என்றாள் ஸ்மிலியா.

சோபாவில் உட்கார்ந்தாள், குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அன்று ஸ்மிலியா காபி போட எழுந்திருக்கவே இல்லை. வீதாவும் கேட்கவில்லை.